21 வயது, குடிப்பழக்கம் இல்லை, கல்லீரலில் 11 சென்டிமீட்டர் கட்டி

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. பொறியியல் கடைசி வருடம். வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேஸ் டிரபிள் என்று மாத்திரை சாப்பிட்டான். கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலின் வலது பக்கம் 11 செ.மீ. கட்டி. முதலில் பார்த்த இடத்தில் 'எஃப்.என்.எச்., சாதாரணக் கட்டிதான், பயப்பட வேண்டாம்' என்றார்கள். இன்னோர் இடத்தில் பயாப்ஸி எடுத்துவிட்டு, கல்லீரல் புற்றுநோய், ஃபைப்ரோலாமெல்லர் வகையாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் பி, சி வைரஸ் இரண்டும் இல்லை. கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஏ.எஃப்.பி. வெறும் 3. பி12 மட்டும் மிக அதிகம். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர், கட்டி பெரியது, மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்கிறார். தம்பியிடம் 'கட்டி' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் 'பையன் குடிப்பானா?' என்று கேட்கிறார்கள். அவன் பிழைப்பானா? எனக்கும் வருமா? இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, ஒரு வருடமாக அவனுக்கு மார்பு வீங்கியிருக்கிறது. வெளியே போனால் உள்ளே இரண்டு பனியன் போடுகிறான்.

- விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு பனியன், அதிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தம் இருக்கலாம். ஃபைப்ரோலாமெல்லர் கட்டி சில பையன்களின் உடலில் அரோமட்டேஸ் என்ற நொதியைச் சுரக்கும். அது ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். வயிற்றில் வலி வருவதற்கு முன்பே மார்பு வீங்கி, அதை வெட்கத்தில் மறைத்துக்கொண்டே திரிந்த பையன்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. தம்பியைப் பரிசோதித்த டாக்டர்கள் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். இதை அடுத்து பார்க்கப்போகும் டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

பி12-உம் அப்படித்தான். வைட்டமின் ஊசி எதுவும் போடாத பையனுக்கு அது ஏன் ஏறியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. இந்தக் கட்டி, ரத்தத்தில் பி12-ஐப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரப்பதுண்டு. அதனால் அளவு ஏறிக் காட்டும். மார்பு வீக்கமோ பி12-ஓ தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் 21 வயது, கெடாத கல்லீரல், வைரஸ் இல்லை, ஏ.எஃப்.பி. இயல்பு, இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பயாப்ஸியில் 'இருக்கலாம்' என்று எழுதியவர் சரியான திசையில்தான் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

'குடிப்பானா?' என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையே இல்லை. நாம் ஊரில் பார்க்கும் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் குடி, பி வைரஸ், சி வைரஸ், கொழுப்பு என்று ஏதோ ஒன்றால் வருடக்கணக்கில் சுருங்கிப்போன கல்லீரலில் வருவது. ஃபைப்ரோலாமெல்லர் வேறு. பெரும்பாலும் பதின்வயதிலிருந்து முப்பத்தைந்துக்குள், நன்றாக இருக்கிற கல்லீரலில் வருகிறது. 1956-இல் அமெரிக்க நோயியல் நிபுணர் எட்மண்ட்சன் முதன்முதலில் இதை விவரித்ததும் 14 வயதுப் பெண் ஒருத்தியின் கல்லீரலில்தான். கல்லீரல் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இது இருக்கும். அதனால் பல டாக்டர்கள் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள், சிலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். முதலில் சாதாரணக் கட்டி என்று சொன்னதற்கு ஒரு காரணம் அதுதான்.

இன்னொரு காரணம், இரண்டும் படத்தில் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும். எஃப்.என்.எச். கட்டியின் நடுவிலும் நட்சத்திரம் போல ஒரு தழும்பு இருக்கும், இதன் நடுவிலும் இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் டி2 என்ற வரிசையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், எஃப்.என்.எச். தழும்பு வெள்ளையாகத் தெரியும். ஃபைப்ரோலாமெல்லர் தழும்பு பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். நார்த்திசு இறுகிப்போய் நீர்ச்சத்தே இல்லாதது அது. சி.டி. ஸ்கேனில் அந்தத் தழும்புக்குள் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ரத்தக்குழாய்கள் நுழையும் இடமான கல்லீரல் வாசலில் நெறிக்கட்டிகள் பெருத்திருந்தால் எஃப்.என்.எச். என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மூன்றையும் தம்பியின் படத்தில் பார்த்து எழுதித் தரும்படி, கல்லீரல் படங்களைத் தினமும் பார்க்கிற ஒரு ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி. தட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், பெயரை உறுதிசெய்வது. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, பல புற்றுநோய்களில் அது இல்லை. 2014-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று, பரிசோதித்த 15 ஃபைப்ரோலாமெல்லர் கட்டிகளிலும் ஒரே மரபணுக் கோளாறு இருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் எலானா சைமன் என்ற பெண்ணும் ஒருவர். 12 வயதில் இதே கட்டி வந்து அறுவை செய்துகொண்டவர், பள்ளியில் படிக்கும்போதே தன் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் தன் நோயையே ஆராய்ந்தார். தம்பியிடம் நோயின் பெயரைச் சொல்கிற அன்று இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

கோளாறு இதுதான். 19-ஆம் குரோமோசோமில் டி.என்.ஏ.ஜே.பி.1, பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. என்று இரண்டு மரபணுக்கள் சற்றே தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவில் உள்ள துண்டு அறுந்து விழுந்து, முதலாவதின் தலையும் இரண்டாவதின் உடலும் ஒட்டிக்கொள்கின்றன. அணை போட வேண்டிய நேரத்தில் அணை போடப்படாத ஒரு நொதி செல்லுக்குள் ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகிறது. பயாப்ஸி எடுத்த திசு மெழுகுக் கட்டியாக அந்த ஆய்வகத்தில்தான் இருக்கும், 'பிளாக்' என்பார்கள். எழுதிக் கொடுத்து ஸ்லைடோடு சேர்த்துக் கேட்டு வாங்கலாம். அதில் சி.கே.7, சி.டி.68 சாயங்கள் போட்டுப் பார்க்கட்டும், இரண்டும் பிடித்தால் நல்ல சான்று. அதற்கு மேல், மரபணு உடைந்திருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. ஃபிஷ் பரிசோதனை அல்லது ஆர்.என்.ஏ. வழியாக இணைப்பைத் தேடும் பரிசோதனை. இந்த இடத்தில் கவனம். 'ஜீன் பேனல்' என்று பெரிய தொகைக்குச் செய்யும் டி.என்.ஏ. பரிசோதனைகள் பலவற்றில் இந்த இணைப்பு சிக்காது. பணம் கட்டும் முன்பே, 'டி.என்.ஏ.ஜே.பி.1-பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. ஃப்யூஷன் இதில் தெரியுமா?' என்று ஆய்வகத்தில் கேட்டு, ஆம் என்றால் மட்டும் கட்டுங்கள்.

ஆனால் இந்தப் பரிசோதனைக்காக அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகட்டும், அதற்குள் கல்லீரல் அறுவை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷனா மாத்திரையா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எடுக்க முடியுமென்றால் எடுக்க வேண்டும். குணமாக்கக்கூடிய ஒரே வழி இன்றுவரை அதுதான். மாத்திரையில் தொடங்கலாம் என்றவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், சுருங்கிய கல்லீரலில் வரும் வழக்கமான புற்றுநோய் 11 செ.மீ. இருந்தால் பலரும் அப்படித்தான் யோசிப்பார்கள். அங்கே பாதிக் கல்லீரலை எடுத்தால் மீதிப் பாதியால் தாக்குப்பிடிக்க முடியாது. உங்கள் தம்பிக்கு அப்படி இல்லை. நல்ல கல்லீரலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ரத்த ஓட்டத்தோடு மிச்சம் வைத்தாலே பெரும்பாலும் போதும், சில வாரங்களில் அது வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதோடு 11 செ.மீ. கட்டி அடைத்துக்கொண்டிருக்கிற இடம் ஏற்கெனவே வேலை செய்யாத இடம். அதை எடுப்பதால் இழப்பது படத்தில் தெரிவதைவிடக் குறைவு. மிச்சம் போதாது என்று கணக்கில் வந்தால், எடுக்கப்போகும் பக்கத்துக்குக் குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயை முன்கூட்டியே அடைத்துவிட்டு, மூன்று நான்கு வாரம் காத்திருந்து, மறுபக்கத்தை வளரவைத்து அப்புறம் செய்வார்கள்.

ஆக அளவு மட்டும் காரணமாகச் சொல்லி யாராவது 'முடியாது' என்றால், 'எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று சி.டி.யில் அளந்து பார்த்தீர்களா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையிலேயே தடையாக இருப்பவை வேறு. இரண்டு பக்கத்துக்கும் போகும் ரத்தக்குழாய்களைக் கட்டி சுற்றிவளைத்திருக்கிறதா, நுரையீரலில் பரவியிருக்கிறதா, வயிற்று உறையில் விதைத்திருக்கிறதா. அதற்காக மார்பு சி.டி. கட்டாயம் எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது எடுத்ததாக இல்லை.

இன்னொன்று, இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஃபைப்ரோலாமெல்லர் நெறிக்கட்டிக்குப் போகும் குணம் உள்ளது. வழக்கமான கல்லீரல் புற்றுநோயில் கல்லீரல் வாசல் நெறிக்கட்டிகளைப் பலர் தொட மாட்டார்கள். இதில் அவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். அங்கே நெறிக்கட்டி பெருத்திருப்பது ஒன்றே அறுவையை மறுக்கக் காரணம் ஆகாது. 'கட்டியோடு நெறிக்கட்டியையும் எடுப்பீர்களா?' என்று அறுவை நிபுணரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே இந்த நோயோடு அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று தெரிந்துவிடும்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல், கல்லீரல் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது, கல்லீரல் மாற்று அறுவையும் செய்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இவற்றில் எதற்குப் போனாலும் ஒரே டாக்டர் முடிவெடுக்காமல், பல துறையினர் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் தம்பியின் கேஸை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் படுக்கையில் சேரும் முன்பே அந்தக் கவுன்டரில் பேசிவிடுங்கள். சேர்ந்தபிறகு பேசினால் தாள்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

எடுக்கவே முடியாது என்ற நிலையில்தான் மருந்து. அங்கே நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. சோராஃபெனிப் போன்ற மாத்திரைகள், பிறகு வந்த, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசிகள் எல்லாம் வழக்கமான கல்லீரல் புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்டவை. அந்தப் பெரிய ஆய்வுகள் பலவற்றில் ஃபைப்ரோலாமெல்லர் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 5-எஃப்.யு. என்ற கீமோ மருந்தோடு இன்டர்ஃபெரான், அதோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து என்று சில கூட்டு முறைகளில் கட்டி சுருங்கி, பிறகு அறுவை செய்ய முடிந்தவர்களும் உண்டு. அந்த இணைந்த மரபணுவையே குறிவைத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு தடுப்பூசியைச் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை தருகிற செய்திதான், ஆனால் நாளைக்கே இங்கே கடையில் கிடைக்கப்போவதில்லை. கீமோ ஏதாவது தொடங்குவதாக இருந்தால், அதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். 21 வயதில் இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், பிறகு வருத்தப்படுவார்கள்.

இனி சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் இரவு, இதே நோய் உள்ள 19 வயதுப் பையனைக் கூட்டிவந்தார்கள். முந்தின நாள்வரை நன்றாகப் பேசியவன், திடீரென்று சம்பந்தமில்லாமல் உளறுகிறான், தம்பியின் பெயரையே மாற்றிச் சொல்கிறான். ஏற்கெனவே பார்த்த இடத்தில் மனநல டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள். கல்லீரல் பரிசோதனை எல்லாம் கிட்டத்தட்ட இயல்பு. மூளை ஸ்கேன் சுத்தம். ரத்தத்தில் அமோனியா என்ற கழிவின் அளவைப் பார்க்கலாம் என்றேன். அந்த ரத்தத்தைக் குளிரிலேயே வைத்து, உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், சாதாரணமாக விட்டால் தப்பான அளவு காட்டும். வார்டில் ஐஸ் இல்லை. பையனின் மாமா வாசலில் இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டிபன் டப்பாவில் டியூபைப் புதைத்து மாடிப்படியில் ஓடினார். அளவு இயல்பைப்போல ஐந்து மடங்கு. டயாலிசிஸும் மருந்துமாக இரண்டு நாளில் தெளிந்துவிட்டான்.

கல்லீரல் கெடாமலே அமோனியா ஏறுவது இந்தக் கட்டிக்கு உள்ள ஒரு குணம். அதனால்தான் பலருக்குத் தோன்றாமல் போகிறது. தம்பிக்கு எப்போதாவது குழப்பம், கைநடுக்கம், காரணமில்லாத எரிச்சல், பகலில் அடக்க முடியாத தூக்கம், விடாத வாந்தி வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், 'ஃபைப்ரோலாமெல்லர், அமோனியா பாருங்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம். சோடியம் பென்சோயேட், அர்ஜினின் போன்றவையும் சில சமயம் டயாலிசிஸும் தேவைப்படும். இதைப் படித்துவிட்டு இப்போதே முட்டை, பருப்பை நிறுத்திவிடாதீர்கள். அறுவைக்குப் போகிற உடம்புக்குப் புரதம் வேண்டும். அமோனியா ஏறினால்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர் சொல்லி.

கீழாநெல்லி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அரைத்துக் கொண்டுவந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்தவர் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிடுங்கள், கொடுக்க வேண்டாம். சீந்தில் கொடியையும் வேண்டாம். அது கல்லீரலைத் தாக்கியதாக நம் நாட்டிலேயே பதிவுகள் இருக்கின்றன. அறுவை நிபுணருக்கு ஒரு கெடாத கல்லீரல் வேண்டும், அதுதான் இப்போது உங்கள் தம்பியிடம் இருக்கிற பெரிய சொத்து.

உங்களுக்கு வருமா என்றால், அந்த மரபணு இணைப்பு அப்பா அம்மாவிடமிருந்து வந்தது அல்ல, தம்பியின் கல்லீரலில் ஒரு செல்லில் புதிதாக நடந்தது. உங்களுக்கென்று தனிப் பரிசோதனை தேவையில்லை.

பிழைப்பாரா என்ற கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்கிறேன். முழுமையாக எடுக்க முடிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டைத் தாண்டியிருக்கிறார்கள். அதே சமயம் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்பியும் வருகிறது, கல்லீரலில், நெறிக்கட்டியில், நுரையீரலில். இரண்டும் உண்மைதான். திரும்பி வந்தாலும் மறுபடி அறுவை செய்யலாம் என்பது இந்த நோயின் வேறுபாடு. இரண்டு மூன்று முறை அறுவை செய்துகொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சில புத்தகங்களில் 'இது மென்மையான வகை' என்று படிப்பீர்கள், நான் அதை ஏற்பதில்லை. கல்லீரல் நன்றாக இருப்பதாலும் வயது குறைவாக இருப்பதாலும் தாங்குகிறார்களே தவிர, கட்டி ஒன்றும் சாதுவானது அல்ல. அதனால் முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஐந்து வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, அதற்குப் பிறகும் வந்திருக்கிறது. ஏ.எஃப்.பி.யை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலிலேயே 3 இருந்தவருக்கு அது எதையும் காட்டிக்கொடுக்காது.

கடைசியாக, தம்பியிடம் சொல்வது. 21 வயதுப் பையன், கையில் போன் இருக்கிறது, பயாப்ஸி ரிப்போர்ட் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? உங்களுக்காக அவர் தெரியாததுபோல இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவிர, அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். அம்மா அப்பா முன்னால் வேண்டாம், நீங்கள் மட்டும் உட்கார்ந்து பெயரைச் சொல்லுங்கள். மார்பு வீக்கம் அவருடைய தப்பு இல்லை, கட்டி செய்த வேலையாக இருக்கலாம், எடுத்தபிறகு குறைய வாய்ப்பு உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் செமஸ்டர் பரீட்சையைப் பற்றி இருக்கும், என் அனுபவத்தில் இந்த வயதுப் பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் வீடு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வகுப்பில் உட்காரலாம். இந்த முறை பரீட்சை போனால் போகட்டும், அடுத்ததில் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். கல்லூரிக்குக் கொடுக்க மருத்துவச் சான்று வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.